ஜகாத் மனுவில் நம் கடை ஊழியரின் பெயர்

(அறக்கட்டளையின் சார்பில் நடந்த வணிகர், தொழில் நடத்துவோர் கூட்டத்தில் பேசப்பட்டதன் எழுத்து வடிவம்)



கண்ணியத்திற்குரிய ஹஜ்ரத் அவர்களே, ஜமாஅத் பெரியவர்களே, கடைவீதியிலிருந்து இஷா தொழுகையை முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் சகோதரர்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நாளைக் காலையில் ஷட்டரைத் தூக்க வேண்டியவர்கள் நீங்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே முகவுரையைச் சுருக்கி விஷயத்துக்கு வருகிறோம்.

போன ரமளானில் ஜகாத் மனுக்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தோம். எப்போதும் போல விதவைகள், நோயாளிகள், கடன்பட்டவர்கள் என்று தனித்தனியாக வைப்போம். எங்கள் படிவத்தில் 'வேலை செய்யும் இடம்' என்று ஒரு கட்டம் உண்டு. பல வருஷமாக அந்தக் கட்டம் இருக்கிறது. நாங்கள் அதைச் சரியாகப் படித்ததில்லை. இந்த முறை எங்களில் ஒருவர் படித்தார். படித்துவிட்டு ஒரு மனுவைத் தனியாக எடுத்து வைத்தார். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. என்னவென்று கேட்டால், பக்கத்தில் இருந்த இன்னொரு நோட்டைக் காட்டினார். அது ஜகாத் கொடுப்பவர்களின் கணக்கு. மனுக்களில் 'வேலை செய்யும் இடம்' என்ற கட்டத்தில் இருந்த கடைகளும், கொடுப்பவர்கள் நோட்டில் இருந்த கடைகளும் ஒன்றாக இருந்தன.

அதாவது, ஒரு கடை முதலாளி நம்மிடம் ஜகாத் தருகிறார். அதே கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர் நம்மிடம் ஜகாத் வாங்க வருகிறார். நாம் நடுவில் உட்கார்ந்து ரசீது எழுதிக்கொண்டிருக்கிறோம்.

யாரையும் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. சம்பளம் சரியாகக் கிடைத்தாலும் வீட்டில் ஒரு ஆபரேஷன் வந்தால் யாரும் கை நீட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த மனுக்களில் ஆபரேஷன் இல்லை. அரிசி, வாடகை, பள்ளிக்கூட பீஸ் என்றுதான் எழுதியிருந்தார்கள். வேலையில் இருக்கிற ஒருவருக்கு அரிசிக்கும் வாடகைக்கும் போதவில்லை என்றால், கேள்வி ஜகாத்தைப் பற்றியது மட்டும் அல்ல, கூலியைப் பற்றியதும் கூட.

ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டோம். தன்னிடம் வேலை செய்பவர் ஏழையாக இருந்தால் அவருக்கு ஜகாத் கொடுக்கலாமா? கொடுக்கலாம், தடையில்லை என்றார். ஆனால் கூலிக்குப் பதிலாகக் கொடுத்தால் ஜகாத் நிறைவேறாது என்றார். போனஸுக்குப் பதிலாக, ஓவர்டைம் காசுக்குப் பதிலாக, 'ரமளானில் மொத்தமாகப் பார்த்துக்கொள்கிறேன்' என்று வருஷம் முழுக்கக் குறைத்துக் கொடுத்ததற்குப் பதிலாகக் கொடுத்தாலும் அப்படித்தான். கூலி அவருடைய ஹக். நம்மிடம் இருக்கிற அவருடைய பணம். அவருடைய பணத்தையே அவருக்குக் கொடுத்துவிட்டு நம் கடமை தீர்ந்தது என்று எழுதிக்கொள்ள முடியாது.

இதைக் கேட்டதும் எங்களில் சிலர் அவரவர் கடைக் கணக்கை மனசுக்குள் புரட்டினோம். நாங்களும் கடை வைத்திருப்பவர்கள்தானே.

வியர்வை உலர்வதற்குள் கூலி கொடுப்பதைப் பற்றிய நபிமொழி இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். சில கடைகளில் அதைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலேயே மாட்டியிருக்கிறோம். இப்னு மாஜாவில் வருகிறது. அது நேரத்தைப் பற்றியது. தாமதிக்காதே என்பது. அதைவிடக் கடுமையான ஒன்று புகாரியில் இருக்கிறது. அதை யாரும் மாட்டி வைப்பதில்லை. மறுமையில் மூன்று பேருக்கு எதிராக வாதாட அல்லாஹ் தானே நிற்பதாகச் சொல்கிறான். அதில் ஒருவன், ஆளை வைத்து வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவன். நம் ஊர் கோர்ட்டில் எதிர்த்தரப்பில் பெரிய வக்கீல் நின்றாலே நாம் ராஜி பேசப் போய்விடுவோம். இங்கே எதிர்த்தரப்பு யார் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, கூலி எவ்வளவு என்பது எப்போது தீர்மானமாகிறது? நம் ஊரில் ஆள் சேர்க்கும் முறை எப்படி என்று உங்களுக்கே தெரியும். "நாளைக்குக் காலையில வந்துரு, பாத்துக்கலாம்." அவ்வளவுதான் ஒப்பந்தம். முதல் மாசம் முடிந்து கையில் வாங்கும்போதுதான் சம்பளம் எவ்வளவு என்றே அந்தப் பையனுக்குத் தெரியும். அவன் கேட்கவும் மாட்டான். கேட்டால் வேலை போய்விடும்.

குர்ஆனில் சூரத்துல் கஸஸில் மூஸா (அலை) அவர்கள் மத்யனுக்கு வந்து சேர்ந்த வரலாறு இருக்கிறது. ஊரை விட்டு ஓடி வந்தவர். கையில் ஒன்றும் இல்லை. நிழலில் உட்கார்ந்திருக்கிறார். இப்படி ஒரு ஆள் கிடைத்தால் நாம் என்ன செய்வோம்? சோறு போடுகிறேன், படுக்க இடம் தருகிறேன், இரு என்போம். அந்தப் பெரியவர் அப்படிச் செய்யவில்லை. முதலில், இரண்டு பெண்களில் ஒருவர் இவரை வேலைக்கு வைக்கலாம் என்கிறார். அதற்கு அவர் சொல்லும் தகுதி இரண்டு: பலம், நம்பகம். சொந்தக்காரன், தெரிந்தவன் என்பதெல்லாம் அதில் இல்லை. பிறகு அந்தப் பெரியவர் உட்கார்ந்து பேசுகிறார். எட்டு வருஷம் என்று காலத்தைச் சொல்கிறார். பத்தாக்கினால் அது உன் விருப்பம் என்கிறார். உன்னைக் கஷ்டப்படுத்துவது என் நோக்கம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். மூஸா (அலை) அவர்களும் தம் பக்கத்தைச் சொல்லி, அல்லாஹ்வைச் சாட்சியாக்கி முடிக்கிறார்கள்.

ஊரில் ஆதரவே இல்லாத ஒரு அந்நியரிடம் பேசிய பேச்சு இது. காலம் தெரிகிறது, பிரதிபலன் தெரிகிறது, எது கட்டாயம், எது விருப்பம் என்பது தெரிகிறது. நம் கடையில் காலை 9 மணிக்கு வருகிற பையனுக்கு இரவு எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்பது தெரியுமா?

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லி சூரத்துல் பகராவில் நீண்ட வசனமே இருக்கிறது. பத்தாயிரம் ரூபாய்க்குச் சரக்கு கொடுத்தால் பில் போடுகிறோம், கையெழுத்து வாங்குகிறோம். மாதச் சம்பளத்துக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. அட்வான்ஸ் எவ்வளவு, பிடித்தது எவ்வளவு, லீவு எத்தனை நாள், எல்லாம் முதலாளியின் ஞாபகத்தில் இருக்கிறது. ஞாபகம் எப்போதும் கல்லாவின் பக்கம்தான் சாயும். நாங்கள் சொல்வது தப்பென்றால் கை தூக்குங்கள்.

இந்த ஊரின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு என்று நாலு பக்கமும் கரிசல். மானாவாரி. புரட்டாசி, ஐப்பசியில் மழை விழுந்தால் பருத்தி, உளுந்து, பாசி, மக்காச்சோளம். விழாவிட்டால் ஒன்றும் இல்லை. இந்தப் பூமியில் கூலி வேலைக்கு ஆள் எப்போதும் கிடைக்கும். ஏனென்றால் காடு ஏமாற்றிவிடும். அந்த வறட்சியில்தான் தீப்பெட்டித் தொழில் வேர் பிடித்தது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்து 1923-இல் தொடங்கிய பிறகு, சாத்தூர், கோவில்பட்டி என்று ஊர் ஊராகப் பரவியது. மழை இல்லாத வருஷம் தீப்பெட்டி ஆபீஸ் அடுப்பை எரிய வைத்தது என்பது உண்மை. அதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

கூடவே மற்றதையும் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன்னால் கிராமத்துக்கு வண்டி வரும். தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகளை ஏற்றி விடுவார்கள். சட்டத்தில் குச்சி அடுக்கவும், பெட்டியில் அடைக்கவும் பிஞ்சு விரல்கள் வேகமாக ஓடும் என்று காரணம் சொன்னார்கள். தாய் தகப்பன் வாங்கிய அட்வான்ஸுக்குப் பிள்ளை கழித்தது. இதை எதிர்த்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அது அந்தப் பிள்ளையின் நல நிதிக்குப் போக வேண்டும் என்றது. அதற்குப் பிறகுதான் ஊர் மெல்ல மாறியது. இன்று பெரும்பாலும் இயந்திரம் வந்துவிட்டது.

திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தாய்மார்களில் எத்தனை பேர் சின்ன வயதில் திண்ணையில் உட்கார்ந்து பசை தடவிப் பெட்டி ஒட்டியிருப்பீர்கள்? கணக்குப் பார்க்கிறவர் வந்து எண்ணும்போது கழிவு என்று ஒரு கை ஒதுக்குவாரே, ஞாபகம் இருக்கிறதா? ஒட்டியதை எண்ணும்போது ஒரு கணக்கு, காசு கொடுக்கும்போது ஒரு கணக்கு. அளவில் மோசம் செய்பவர்களைப் பற்றி குர்ஆனில் ஒரு சூராவே இறங்கியிருக்கிறது. தனக்கு வாங்கும்போது நிறைய அளப்பதும், பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்து அளப்பதும்தான் அங்கே கண்டிக்கப்படுகிறது. அதைத் தராசுக்கும் படிக்கும் மட்டும் என்று நினைத்துவிட்டோம். காலை பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் அரை நாள் சம்பளத்தை வெட்டி, இரவு ஒரு மணி நேரம் அதிகம் நிறுத்தியதைக் கணக்கில் எடுக்காமல் விடுவதும் அதே தராசுதான்.

அன்று திண்ணையில் உட்கார்ந்து அந்தக் கழிவை நொந்தவர்களின் பிள்ளைகள்தான் இன்று நம்மில் பலர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறோம்.

இப்போது அட்வான்ஸ். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் கடைகளிலும் ஹோட்டல்களிலும் ஆளைப் பிடித்து வைக்க இருக்கும் ஒரே கயிறு அட்வான்ஸ்தான். தங்கச்சி கல்யாணம், அப்பாவுக்கு மருத்துவம் என்று வாங்குவார்கள். கொடுப்பது நல்ல காரியம்தான். வட்டிக்காரனிடம் போகாமல் காப்பாற்றுகிறோம். ஆனால் கொடுத்த பிறகு நம் பேச்சு மாறுகிறது. "காசைக் கீழ வச்சுட்டு எங்க வேணாலும் போ" என்கிறோம். ஆதார் கார்டையும் பத்தாவது மார்க் சீட்டையும் வாங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டுகிறோம். பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பையன்களிடம் இது இன்னும் சுலபமாக நடக்கிறது. அவர்களுக்குக் கேட்க ஆள் இல்லை. கொடுத்த முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறு இடம் போகவிடாமல் வேலை வாங்கினால் அதற்கு இந்த நாட்டில் ஒரு பெயர் இருக்கிறது: கொத்தடிமை. 1976-ஆம் வருஷச் சட்டம் அதை ஒழித்துவிட்டது. மார்க்கத்திலும் கடனாளி சிரமத்தில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. கடன் வேறு, ஆள் வேறு. கடனைத் தனியாக எழுதுங்கள், தவணை போடுங்கள், போகிறேன் என்றால் போகட்டும். கடனை வெளியே இருந்து கட்டட்டும். அப்படி விட்டால் நாலு பேர் ஏமாற்றிவிட்டுப் போவார்கள்தான். மொத்த வியாபாரத்தில் வராக்கடன் இல்லையா என்ன?

சண்டை போட்டுக்கொண்டு நின்றுபோன ஆள் ஒருவர் எல்லாக் கடையிலும் இருப்பார். 12 நாள் சம்பளம் பாக்கி. "கணக்கு முடிக்க அவன் வரவே இல்லை, நான் என்ன செய்ய?" என்போம். குகையில் மாட்டிக்கொண்ட மூன்று பேரின் கதையை இங்கே பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும். பாறை உருண்டு வாசலை அடைத்துவிட்டது. ஒவ்வொருவரும் தாம் அல்லாஹ்வுக்காகச் செய்த ஒரு காரியத்தைச் சொல்லிக் கேட்கிறார்கள். முதல் இருவரின் காரியங்களை நாம் பயானில் நிறையக் கேட்டிருக்கிறோம். மூன்றாமவர் நம்மைப் போல ஆள் வைத்து வேலை வாங்கியவர். கூலி ஆட்களில் ஒருவர் காசு வாங்காமல் போய்விட்டார். இவர் அந்தக் கூலியைத் தன் முதலோடு கலந்து மறந்துவிடவில்லை. தனியாகத் தொழிலில் போட்டார். அது பெருகியது. காலம் கழித்து அந்த ஆள் திரும்பி வந்து என் கூலியைக் கொடு என்றார். இவர் ஒட்டகம், மாடு, ஆடு, மேய்க்கிற ஆள் எல்லாவற்றையும் காட்டி, இதெல்லாம் உன்னுடையது என்றார். வந்தவர் நம்பவில்லை, என்னைக் கேலி செய்யாதே என்றார். பிறகு ஒன்று விடாமல் ஓட்டிக்கொண்டு போனார். மூன்றாவது பிரார்த்தனைக்குத்தான் பாறை முழுதாக விலகியது.

நம்மிடம் அந்த 12 நாள் சம்பளத்தைப் பெருக்கித் தரச் சொல்லவில்லை. அதை எழுதி ஒரு கவரில் போட்டு, பெயரை எழுதி வையுங்கள் என்கிறோம். போன் நம்பர் இருக்கும், கூப்பிடுங்கள். அது அவருடைய அமானத். நம் முதலில் கலந்து கிடக்கும் வரைக்கும் நம் ரொட்டியில் அதுவும் ஒரு துண்டு.

இனி நிற்பது, உட்காருவது. ஜவுளிக்கடை, பேன்சி ஸ்டோர், பாத்திரக்கடை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே 2018-இல் கேரளாவில் இது வந்துவிட்டது. அங்கே கடையில் நின்ற பெண்கள் போராடிப் பெற்றது. நம் கடைவீதியில் எத்தனை கடையில் அந்த ஸ்டூல் இருக்கிறது? இருந்தால் அதன் மேல் சேலைக் கட்டு இருக்கிறது. மாசமாக இருக்கிற பெண் எட்டாவது மாதம் வரை நின்று துணி விரித்துக் காட்டுகிறார். வாடிக்கையாளர் இல்லாத மதியம் 3 மணிக்கு உட்கார்ந்தால் முதலாளிக்குக் கண் உறுத்துகிறது.

இன்னொன்றும் உண்டு. பள்ளிவாசலில் பேசத் தயங்குகிற விஷயம். இருந்தாலும் பேசியாக வேண்டும். கழிப்பிடம். மாடியில் கோடவுன் கட்டுகிறோம். பெண்கள் வேலை செய்கிற கடையில் கழிப்பிடம் கட்டுவதில்லை. அவர்கள் தண்ணீர் குடிக்காமலே நாளை ஓட்டுகிறார்கள். சித்திரை வெயிலில், இந்த ஊரில்! நம் வீட்டுப் பெண்ணை அப்படி ஒரு இடத்துக்கு வேலைக்கு அனுப்புவோமா? தாங்கள் உண்பதை உண்ணக் கொடுங்கள், உடுப்பதை உடுக்கக் கொடுங்கள், தாங்க முடியாத சுமையை ஏற்றாதீர்கள், ஏற்றினால் கூட நின்று உதவுங்கள் என்ற பொருளில் அபூதர் (ரலி) வழியாக வருகிற நபிமொழி, வேலை செய்பவர்களைச் சகோதரர்கள் என்றே அழைக்கிறது. சகோதரி ஒருத்தி 12 மணி நேரம் அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்று யார் நினைப்பார்கள்?

கடைசி பஸ்ஸும் அப்படித்தான். தீபாவளி, ரமளான் சீசனில் கடை சாத்த 11 மணி ஆகிறது. கிராமத்துக்குப் போகிற கடைசி பஸ் அதற்கு முன்பே போய்விடும். ஆட்டோவுக்குக் கொடுத்தால் அன்றைய கூலியில் பாதி போகிறது. சட்டப்படி நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் என்றால் இரட்டிப்புக் கூலி. வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை. 1947-இலிருந்து இருக்கிற சட்டம் இது. நம் வாப்பாமார் காலத்துச் சட்டம். ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்தவரைத் தக்க காரணமில்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ ஒரு மாதச் சம்பளமோ கொடுக்காமலும் நிறுத்தக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. பத்து பேர் வேலை செய்தால் இ.எஸ்.ஐ. வரும். முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், ஊழியரின் பங்கு 0.75 சதவீதம். அந்தச் சின்னத் தொகையைக் கட்டியிருந்தால், எங்களிடம் மருத்துவ உதவி கேட்டு வருகிற மனுக்களில் ஒரு பகுதி வந்தே இருக்காது. ஒன்பது பேரை மட்டும் ரிஜிஸ்டரில் காட்டிவிட்டு மூன்று பேரைச் 'சொந்தக்காரப் பையன்கள்' என்று சொல்வதையும் பார்த்திருக்கிறோம்.

ஹோட்டல், பேக்கரி, கடலை மிட்டாய் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்கே பெருமை. அந்தப் பெருமை கொதிக்கிற வெல்லப் பாகுக்கு முன்னால் நிற்கிறவர் கையில்தான் இருக்கிறது. சமைத்துக் கொண்டுவந்து வைக்கிறவரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொல்லும்போது, சூட்டையும் புகையையும் தாங்கியவர் அவர் என்பதைக் காரணமாகக் காட்டி, கூட உட்கார வைக்கச் சொல்கிறார்கள். அது முடியாவிட்டால் ஒன்றிரண்டு கவளமாவது அதிலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். நம் பிரியாணிக் கடையில் தேக்சாவைக் கிளறியவர் சாயங்காலம் 4 மணிக்கு, கறி தீர்ந்த பிறகு, அடிச் சோற்றைச் சாப்பிடுகிறார். இதற்குச் சட்டம் எதுவும் தேவையில்லை. முதல் தட்டை அவருக்கு எடுத்து வைத்தால் முடிந்தது.

பேச்சு ஒன்று பாக்கி. அனஸ் (ரலி) அவர்கள் பத்து வருஷம் நபி (ஸல்) அவர்களிடம் வேலை செய்தார்கள். சிறு பிள்ளையாகப் போனவர்கள். ஒரு தடவை கூட 'சே' என்ற சொல்லைக் கேட்டதில்லை, ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை என்று கேட்கப்பட்டதில்லை என்று பிற்காலத்தில் சொன்னார்கள். நாங்கள் பத்து வருஷம் கேட்கவில்லை. பத்து மணி நேரம். வாடிக்கையாளர் முன்னால் 'ஏலே மூதேவி' என்று கத்தாமல் ஒரு நாள் கடை நடத்திப் பார்ப்போம். அபூ மஸ்ஊத் (ரலி) அவர்கள் கோபத்தில் தம் அடிமையை அடித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கோபத்தில் யார் குரல் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. திரும்பினால் நபி (ஸல்) அவர்கள். இந்த ஆள்மேல் உனக்கு இருக்கிற அதிகாரத்தைவிட அல்லாஹ்வுக்கு உன்மேல் அதிகாரம் அதிகம் என்பதை நினைவூட்டினார்கள். அங்கேயே அந்த அடிமையை விடுதலை செய்துவிட்டார்கள் அபூ மஸ்ஊத் (ரலி). நோன்பு வைத்துக்கொண்டு அஸர் நேரத்தில் கடைப் பையன்மேல் எரிந்து விழும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் நம் சமுதாயத்து ஊழியர்களுக்கு மட்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் கடைகளில் வேலை செய்பவர்களில் பாதிக்கு மேல் சுற்றுவட்டக் கிராமத்து இந்துக் குடும்பங்கள், கிறிஸ்தவக் குடும்பங்கள். கூலியைப் பறித்தவனுக்கு எதிராக அல்லாஹ் நிற்கும்போது, கூலிக்காரன் யார் என்று அந்த ஹதீஸ் பிரிக்கவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் அவர்கள் கேட்பதற்கு முன்னால் லீவு சொல்லிவிடுங்கள். அவரவர் பெருநாள் அவரவருக்கு.

முதலாளி பக்கத்து நியாயமும் எங்களுக்குத் தெரியும். தீப்பெட்டி ஒன்று 14 வருஷம் ஒரு ரூபாயிலேயே நின்று, 2021 டிசம்பர் 1 அன்றுதான் 2 ரூபாய் ஆனது. அதற்குள் மெழுகு, அட்டை, குச்சி எல்லாம் எங்கோ போய்விட்டன. ஆன்லைன் வியாபாரம் வந்து ஜவுளியையும் செருப்பையும் சாப்பிடுகிறது. வாடகை ஏறுகிறது. வேலையில் மனசு வைக்காமல் போனைத் தடவுகிற பையன்களும் இருக்கிறார்கள். செய்கிற வேலையைச் செம்மையாகச் செய்வது அவர்கள்மேல் கடமை, கல்லாவில் கை வைப்பது ஹராம். அவர்களுக்கும் தனியாகக் கூட்டம் போட்டுச் சொல்வோம். ஆனால் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருப்பது நாம். நம் மாவட்டத்தில், 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். சம்பள உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை கேட்டார்கள். மில்லை நடத்திய ஹார்வி கம்பெனி பத்து நாளைக்குள் இறங்கி வந்தது. ஆங்கிலேயக் கம்பெனி போராட்டத்துக்குப் பயந்து கொடுத்த வார விடுமுறையை, அல்லாஹ்வுக்குப் பயந்து நாம் கொடுக்க முடியாதா?

இப்போது எங்கள் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். பிறரிடம் சொல்வதற்கு முன் செய்திருக்க வேண்டியது. எங்கள் அறக்கட்டளையில் மக்தப் நடத்துகிற உஸ்தாதுக்கும், மோதினாருக்கும், கூட்டித் துடைக்கிற அம்மாவுக்கும் சம்பளம் 12-ஆம் தேதி, சில மாதம் 18-ஆம் தேதி. 'வசூல் வரவில்லை' என்போம். அந்த நாட்களில் எங்கள் நிர்வாகிகளில் ஒருவர் வீட்டிலும் சோறு வேகாமல் இருந்ததில்லை. மோதினார் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் கேட்காததை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். கூட்டித் துடைக்கிற அம்மாவின் சம்பளம் ஆறு வருஷமாக ஒரே தொகை. தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலிக்கான பஞ்சப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1-ஆம் தேதியும் மாறுகிறது என்பதே எங்களுக்கு இந்த விசாரணையில்தான் தெரிந்தது. பழைய பாக்கியைக் கணக்குப் போட்டு இரண்டு தவணையாகக் கொடுத்துவிட்டோம். இப்போது 3-ஆம் தேதிக்குள் சம்பளம். வசூல் வராத மாதம் நாங்கள் நிர்வாகிகள் கைமாற்றுக் கொடுத்து, பிறகு வசூலில் எடுத்துக்கொள்கிறோம். மூவரையும் நலவாரியங்களில் பதிவு செய்யவும் மனுக் கொடுத்திருக்கிறோம்.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு சகோதரர் கேட்டார்: "சம்பளத்தை ஏத்திட்டு, அந்த அளவுக்கு ஜகாத்தைக் குறைச்சுக்கலாமா?" ஹஜ்ரத் சொன்ன பதிலை அப்படியே சொல்கிறோம். சம்பளம் வியாபாரச் செலவு. வருஷம் முடிந்து கணக்குப் பார்க்கும்போது கையில் இருப்பதற்கும் சரக்குக்கும்தான் ஜகாத். கொடுத்த சம்பளம் அதற்கு முன்பே போய்விட்டது; கொடுக்க வேண்டிய பாக்கி கடனாகக் கழியும். மீதிக்கு இரண்டரை சதவீதம், எப்போதும் போல. அதில் குறைக்க எதுவும் இல்லை.

வரும் ரமளானில் மனுப் படிவத்தில் அந்தக் கட்டம் அப்படியே இருக்கும். யார் கடை என்று வெளியில் சொல்ல மாட்டோம். மனுவைத் தள்ளவும் மாட்டோம். கடைக்காரரிடம் மட்டும் எங்களில் இரண்டு பேர் வந்து, தேநீர் குடித்துக்கொண்டே தனியாகப் பேசுவோம். கோபப்படாமல் உட்கார வையுங்கள்.

சம்பள நோட்டு அச்சடித்திருக்கிறோம். ஒரு ஊழியருக்கு ஒன்று. சேர்ந்த தேதி, பேசிய சம்பளம், வேலை நேரம், வார விடுமுறை, அட்வான்ஸ், பிடித்தம், இரண்டு பேர் கையெழுத்து. காசு வேண்டாம். அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில் அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று சொல்லி அத்தனை நோட்டு கேளுங்கள். 'சொந்தக்காரப் பையன்களையும்' சேர்த்து.